மணிக்கட்டில் ஓர் எண்: ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஆக்சிஜன் அளவை எப்போது நம்புவது?

(பொது நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில், மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 கோடையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முன்பு 'ஆக்சிஜன் அளவு' என்பது ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் ஐ.சி.யூ.வுக்குள்ளும் மட்டும் பேசப்பட்ட சங்கதி. கொரோனாவின் இரண்டாம் அலையில் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. 94 என்ற எச்சரிக்கை எண் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் என்ற அந்தச் சின்னக் கருவிக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள்.

இன்று அதே எண் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி அனுப்புகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதோடு கூடவே சில கேள்விகளும் வருகின்றன. "வாட்ச்ல ஆக்சிஜன் 86 காட்டுதுங்க, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்பது ஒன்று. "அளக்கவே மாட்டேங்குது, வாட்ச் கெட்டுப்போச்சா?" என்பது இன்னொன்று. மூன்றாவது ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை: "எப்போது பார்த்தாலும் 98 காட்டுகிறதே, அது சரிதானா?" மூன்றில் மிக முக்கியமானது அந்தக் கேட்கப்படாத கேள்விதான் என்பது என் கருத்து. மூன்றையும் இன்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஆளைப் பாருங்கள்

வாட்சைக் கழற்றித் துடைப்பதற்கும், செட்டிங்ஸைத் திறப்பதற்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதைக் கட்டியிருப்பவரைப் பாருங்கள். ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு இரைக்கிறதா? நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருக்கிறதா? பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாரா? உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பாருங்கள், நீலம் பாரித்திருக்கிறதா? நம்மைப் போன்ற மாநிற, கறுத்த தோலில் நீலம் வெளியே எளிதில் தெரியாது. அதனால்தான் வாய்க்குள் பார்க்கச் சொல்கிறேன்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அப்போது வாட்ச் 99 காட்டினாலும் அது பொருட்டில்லை. ஆள் நன்றாக இருந்து எண் மட்டும் மோசமாக இருக்கிறதா? அப்போதுதான் கருவியைச் சோதிக்க நமக்கு நேரம் இருக்கிறது. இன்று நான் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாமே இந்த இரண்டாவது நிலைக்கு உரியவை.

இரைச்சலுக்குள் இருந்த செய்தி

கருவி தப்பாகக் காட்டும்போது ஏன் தப்புகிறது என்று தெரிய வேண்டுமானால், அது எப்படி அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதை ஜப்பானில் தொடங்குகிறது.

தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் டோக்கியோவில் நிஹான் கோடென் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1970-களின் தொடக்கத்தில் அவர் அளக்க விரும்பியது ஆக்சிஜனை அல்ல. இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை, ரத்தம் எடுக்காமலே கண்டுபிடிக்க முயன்றார். சிரையில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, சாயம் வந்து கடந்துபோவதை ஒரு வளைகோடாகப் பதிவு செய்வது அவருடைய முறை. ஆனால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அந்தக் கோடு நெளிந்தது. அந்த நெளிவு அவருக்குத் தொல்லை. அதை நீக்க, சாயம் உறிஞ்சாத இன்னொரு நிற ஒளியையும் சேர்த்துப் பாய்ச்சி, ஒன்றை வைத்து மற்றொன்றின் நெளிவைக் கழித்தார். கழிந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தபோது மட்டும் கணக்கு உதைத்தது. நெளிவு திரும்ப வந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் அதையும் ஒரு தொல்லையாகக் கருதி ஒதுக்கியிருக்கலாம். அயோயாகி அங்கே நின்று யோசித்தார். கழிக்க நினைத்த நெளிவுக்குள்ளேயே ஆக்சிஜனின் அளவு இருக்கிறது என்று கண்டுகொண்டார். துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தான். தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம் பெரும்பாலும் அசையாமல் ஒளியை உறிஞ்சுகின்றன. ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால், இதயத்திலிருந்து புதிதாக வரும் ரத்தத்தைப் பற்றி மட்டும் அறியலாம். 1974-இல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். இன்று உலகெங்கும் மயக்க மருந்து கொடுக்கும் மேசைகளின் பக்கத்தில் அந்தச் சிந்தனை 'பீப்' என்று ஒலித்துக்கொண்டிருக்கிறது. அயோயாகி 2020 ஏப்ரலில், தம் 84-ஆம் வயதில் காலமானார். அவர் கண்டுபிடித்த கருவியை உலகமே தேடிக்கொண்டிருந்த மாதம் அது.

விரலும் மணிக்கட்டும்

அளவு எப்படிக் கிடைக்கிறது? ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சாமல் விட்டுவிடும். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும். அகச்சிவப்பு ஒளியில் இது தலைகீழ். அதனால் சுமார் 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பையும், சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சி, இரண்டிலும் துடிப்பு எவ்வளவு என்று பார்த்து, ஒரு விகிதம் கணக்கிடுகிறார்கள். அந்த விகிதத்தை ஓர் அட்டவணையில் தேடினால் சதவீதம் கிடைக்கும். அந்த அட்டவணை ஆரோக்கியமான தன்னார்வலர்களை வைத்துத் தயாரிக்கப்பட்டது. அவர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, இரண்டையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஆக, கருவி ஆக்சிஜனை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒளியைப் பார்த்து ஆக்சிஜனை ஊகிக்கிறது.

விரல் நுனியில் மாட்டும் கருவியில் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் உணரி. ஒளி விரலை ஊடுருவி வருகிறது. மணிக்கட்டில் அது முடியாது. எலும்பும் தசையும் தடுக்கும். எனவே வாட்சில் விளக்கும் உணரியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே போன ஒளியில் சிதறித் திரும்பி வருவதை மட்டும் அது பார்க்கிறது. ஜவுளிக்கடையில் புடவையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து நெசவின் நெருக்கத்தைப் பார்ப்பது விரல் கருவியின் வேலை. துணியின் மேல் டார்ச் அடித்துத் திரும்பும் ஒளியை வைத்தே அதைச் சொல்ல முயல்வது வாட்சின் வேலை.

இன்னொரு சிரமமும் உண்டு. விரல் நுனியிலேயே ஊடுருவி வரும் ஒளியில் துடிக்கும் பகுதி ஏறக்குறைய ஒன்றிரண்டு சதவீதம்தான். மணிக்கட்டின் மேற்புறத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் இன்னும் குறைவு. துடிப்பு அதைவிடவும் மெலிது. வாட்சின் பல பிரச்சினைகள் இந்த மெலிந்த துடிப்பிலிருந்தே கிளைக்கின்றன.

எண் ஏன் 85 பக்கம் சாய்கிறது?

முதல் கேள்விக்கு வருவோம். ஆள் நன்றாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். வாட்ச் 86 என்கிறது. ஏன்?

கையை அசைத்தால் வாட்ச் தோலின் மேல் லேசாக நகரும். அந்த அசைவு சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் அலைக்கழிக்கும். மெலிந்த நாடித் துடிப்பை அந்தப் பெரிய அலைவு மூழ்கடித்துவிட்டால், இரண்டு நிறங்களின் விகிதம் ஒன்றை நெருங்கும். நான் சொன்ன அட்டவணையில் விகிதம் ஒன்று என்றால் அதற்கு நேரே இருக்கும் எண் சுமார் 85. எனவே குழப்பமடைந்த கருவியின் எண் 85-ஐ நோக்கிச் சாய்கிறது. நடந்துகொண்டே அளந்தபோதும், வாட்ச் தளர்ந்திருந்தபோதும் வரும் 84, 86, 87 போன்ற எண்களில் பல இப்படிப் பிறந்தவைதான்.

அதற்காக 86 வந்தாலே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நுரையீரல் பாதித்தவருக்கு அது மெய்யாகவே 86 ஆக இருக்கலாம். முறையாக உட்கார்ந்து மறுபடி அளந்து, விரல் கருவியோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை

வாட்ச் அளக்க மறுத்தாலும் சரி, தாழ்ந்த எண்ணைக் காட்டினாலும் சரி, நான் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்றுதான். உடலில் தொடங்கி, தோலுக்கு வந்து, பிறகு கருவிக்குப் போவது. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ரீசெட் அடித்துப் பழைய பதிவுகளை எல்லாம் இழந்துவிடுகிறார்கள்.

முதலில் கை. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முன்னங்கையை மேசை மீது, நெஞ்சு உயரத்தை ஒட்டி, வாட்சின் முகம் மேலே தெரியும்படி வையுங்கள். கையைத் தொங்கவிட்டால் சிரைகளில் ரத்தம் தேங்கும். அந்தத் தேங்கிய ரத்தம் அசைந்தால் கருவி அதையும் தமனித் துடிப்பாக எண்ணிக்கொள்ளும். அளக்கும்போது பேசாதீர்கள், விரல்களை மடக்காதீர்கள். ஆப்பிள் வாட்ச் ஓர் அளவை எடுக்க 15 வினாடி கேட்கிறது. மற்ற வாட்சுகளுக்கும் இதே பொறுமை வேண்டும்.

அடுத்து சூடு. ஏ.சி. அறையிலிருந்தோ மார்கழிக் காலைக் குளிரிலிருந்தோ வந்தவருக்குக் கை சில்லிட்டிருக்கும். உடல் தன் சூட்டைக் காக்கத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வாட்ச் அளக்காததற்குச் சாதாரணமான காரணங்களில் இது ஒன்று. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள்.

மூன்றாவது, கட்டும் இடம். மணிக்கட்டின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்பின் மேல் வாட்ச் உட்கார்ந்தால் அடியில் இடைவெளி விழும். வெளிச்சம் உள்ளே புகும். எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை முழங்கை பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். வளையல் வாட்சைத் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை நகராத அளவுக்கு இறுக்கம் போதும். தோலில் பள்ளம் விழும்படி இறுக்கினால் ரத்த ஓட்டமே தடைபட்டு அளவு கெடும்.

நான்காவது தோல். பச்சை குத்தியிருந்தால், அதுவும் அடர்ந்த கறுப்பு மை நிரப்பிய டாட்டூவாக இருந்தால், ஒளி உள்ளே போகாது. அந்தக் கையில் வாட்சால் அளக்க முடியாமலே போகலாம். மற்றக் கையில் கட்டிப் பாருங்கள். கல்யாணத்துக்கு மணிக்கட்டு வரை இட்ட அடர்நிற மெஹந்தியும் சில வேளை அளவைத் தடுக்கலாம். களிம்பு, எண்ணெய், வியர்வை இருந்தால் துடைத்துவிடுங்கள்.

இதற்குப் பிறகே வாட்ச். அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக வாங்கியபோது ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பயன்படுத்துகிறவர்கள் உண்டு. கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கலாம், கீறல் விழுந்திருக்கலாம். ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உலர விடுங்கள். பச்சை விளக்கு எரிகிறதே, சென்சார் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பச்சை பெரும்பாலும் நாடியை எண்ணுவதற்கு. ஆக்சிஜனுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும் வேண்டும். அளக்கும்போது சிவப்பு எரிகிறதா என்று இருட்டில் பாருங்கள்.

கடைசியாக மென்பொருள். பேட்டரி சேமிக்கும் நிலையில் இருந்தால் பல வாட்சுகள் இந்த அளவீட்டை நிறுத்திவைக்கும். தூக்கத்தின்போது மட்டும் அளக்கும் வாட்சுகளும் உண்டு. பகலில் எண் வரவில்லை என்றால் அது பழுதல்ல. போன் ஆப்பில் ஆரோக்கியத் தகவலுக்கான அனுமதி தரப்பட்டிருக்கிறதா, அப்டேட் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வேளை காரணம் வாட்சிலும் இருக்காது, உடலிலும் இருக்காது. மாசிமோ நிறுவனத்துடனான காப்புரிமை வழக்கின் விளைவாக, 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்ற ஆப்பிள் வாட்சுகளில் இந்த வசதி நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில்தான், கணக்கீட்டை ஐபோனில் செய்யும்படி மாற்றி, அதைத் திரும்பக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து மகனோ மகளோ அந்தக் காலத்தில் வாங்கி வந்த வாட்சை வைத்துக்கொண்டு, பழுது என்று கடைக்கு அலைய வேண்டாம். இந்தக் காரணத்தை முதலில் பாருங்கள்.

ஒப்பிடுவது எப்படி?

வீட்டில் விரல் ஆக்ஸிமீட்டர் இருந்தால் அதுதான் நம் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சியையும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும். நகப்பூச்சை அழித்துவிட்டு, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, எண் நிலைகொள்ளும் வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். அது ஆக்சிஜனோடு நாடித் துடிப்பையும் காட்டும். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை நீங்களே எண்ணுங்கள். இரண்டும் பொருந்தினால், கருவி மெய்யான துடிப்பைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். பொருந்தாவிட்டால் அதன் ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள். இந்தச் சோதனையை வாட்சுக்கும் செய்யலாம்.

ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சொல்வதைக் கேளுங்கள்: தாங்கள் அனுமதி கொடுத்த மருத்துவ ஆக்ஸிமீட்டர் 90 காட்டினால், ரத்தத்தில் உண்மை அளவு பொதுவாக 86-க்கும் 94-க்கும் இடையில் இருக்கும். மருத்துவக் கருவிக்கே இந்த இடைவெளி. பெரும்பாலான ஸ்மார்ட்வாட்சுகளோ மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள்.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். 2,200 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் சில புள்ளி குறைவது இயல்பு. 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் இறங்கியதும் ஆரோக்கியமானவருக்கே 90-க்கும் கீழே போகலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று மருத்துவரே இலக்கு வைப்பார். உங்களுக்குரிய எண் எது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப் பதிவில் ஓரிடத்தில் எண் சரிந்திருப்பதைக் காலையில் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். கை தலைக்கு அடியில் நசுங்கியிருந்தாலும் அப்படிச் சரியும். ஆனால் இரவு தவறாமல் சரிவுகள் வந்து, கூடவே உரத்த குறட்டை, மூச்சு முட்டி விழிப்பது, பகலில் தூங்கி வழிவது ஆகியவையும் இருந்தால், அந்தப் பதிவை மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக இருக்கலாம். அதை வாட்ச் உறுதிசெய்யாது. தூக்கப் பரிசோதனைதான் உறுதிசெய்யும்.

எப்போதும் 98

இனி, யாரும் கேட்காத கேள்வி.

தாழ்ந்த எண் பயமுறுத்தும்; பயந்தவர் மறுபடி அளப்பார், மருத்துவரைப் பார்ப்பார். நல்ல எண் ஆளைத் தூங்க வைத்துவிடும். அதனால் பொய்யான 98, பொய்யான 86-ஐவிட ஆபத்தானது. அது மூன்று வழிகளில் வரலாம்.

ஒன்று, எண் சரியாகவே இருந்தும் நாம் அதைத் தவறாகப் புரிந்துகொள்வது. இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. கடும் ரத்தசோகை உள்ள பெண்ணுக்கும் 99 காட்டும். அவர் உடலுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனோ மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை உண்டு. களைப்பும் படபடப்பும் இருக்கும் அம்மாவிடம் "ஆக்சிஜன் 99 இருக்கே, உனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இரண்டு, கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்தால் அந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். இரண்டு நிற ஒளியை மட்டும் பயன்படுத்தும் கருவியால் அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடப்பார். கருவி நல்ல எண்ணைக் காட்டும்.

மூன்றாவது நம் எல்லோரையும் தொடுவது. தோலின் நிறம் கணக்கில் கழிந்துவிடும் என்பது கோட்பாடு. நடைமுறையில் முழுதாகக் கழிவதில்லை. 2020 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது எத்தனை முறை என்று பார்த்தார்கள். வெள்ளையின நோயாளிகளிடம் அது 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இவை மருத்துவமனைக் கருவிகள், விரலில் மாட்டுபவை. தோல் கறுக்கக் கறுக்கக் கருவி நல்ல செய்தியையே சொல்ல முனைகிறது என்பது இதன் பொருள்.

அந்தச் சதவீதத்தை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் காரணம் தோலின் நிறமியில் இருக்கும்போது, மாநிறமும் கறுப்பும் பெருவாரியான நம் மக்கள் இதைத் தமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று ஒதுக்க முடியாது. 2013-இல் அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வகுத்த வழிகாட்டுதலில், ஒரு கருவியைக் குறைந்தது 10 பேரிடம் சோதித்தால் போதும், அவர்களில் 2 பேராவது கறுத்த தோலுடையவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்தப் பத்தை 150 ஆக உயர்த்தி, பலவகைத் தோல் நிறங்களையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தாமதமான நீதி, ஆனாலும் நீதி.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, ஒரு கருவியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம், தெரியாதபோது தெரியாது என்று சொல்வது. "அளக்க முடியவில்லை, கையை அசைக்காமல் மறுபடி முயலுங்கள்" என்று சொல்லும் வாட்சைக் குறைபட்டுக்கொள்ளாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது. சுருட்டிய துணியில் கட்டினாலும் 98 என்று கூசாமல் காட்டும் மலிவுச் சரக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதை உடல்நலத்துக்காகப் பரிசளிக்கவே கூடாது.

அடுத்த முறை கடையில் வாட்ச் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் ஆக்சிஜன் அளவீடு மருத்துவ அனுமதி பெற்றதா? எந்தத் தோல் நிறமுடையவர்களிடம் சோதித்தீர்கள்? விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பல பேர் கேட்டால் அந்தக் கேள்வி தயாரிப்பாளரிடம் போய்ச் சேரும். நம் நாட்டிலேயே, நம் தோலில், நம் வெயிலிலும் வியர்வையிலும் சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அந்த வேலையை எடுத்துச் செய்யப் பொறியியல் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் கைகோக்க வேண்டும். இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன்: உங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதோ ஒன்று. வேண்டாத இரைச்சல் என்று ஒதுக்க நினைத்ததற்குள் ஒரு பொறியாளர் கோடிக்கணக்கான உயிர்களுக்கான கருவியைக் கண்டார். அவர் முடிக்காமல் விட்டுப்போன பகுதி நம் தோலின் மேல் இருக்கிறது. அதை முடிக்க வாருங்கள்.

வீட்டில் வயதானவர்களுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருப்பவர்கள், அதோடு ஒரு விரல் ஆக்ஸிமீட்டரையும் வாங்கி வையுங்கள். இரண்டையும் எப்படி மாட்டுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். தினமும் பேசும்போது "எண் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "மூச்சு வாங்குதாப்பா, படி ஏற முடியுதாம்மா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் மணிக்கட்டில் தெரியும் எண்ணுக்குப் பொருள் உண்டு.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். வாட்ச் கட்டி வந்திருப்பவர்கள் மேடைக்கு அருகே வாருங்கள், சேர்ந்தே சரிபார்ப்போம்.